நரி கடன் வாங்கிய மூன்று இலைகள்

ஏரியின் அக்கரையில் முள்ளம்பன்றி வைரவன் ஒரு கடலைத் தோட்டம் போட்டான். விதைக்குக் காட்டு விலங்குகளிடம் கேட்டான். ஒரு கூடை விதைக்கடலை கொடுத்தவருக்கு, தன் முள்ளால் துளையிட்ட ஓர் அரச இலையைக் கொடுத்தான். அந்த இலைதான் பங்கு! அறுவடையன்று இலை ஒன்றுக்கு மூன்று கூடை கடலை கிடைக்கும்.

அணில் பவளம் வீட்டில் இருந்த மூன்று கூடையையும் கொடுத்து மூன்று இலை வாங்கினாள். வரப்போகும் மழைக்காலத்துக்கு அவளுடைய நான்கு குட்டிகளும் அதை நம்பித்தான் இருந்தன.

புளியமர நிழலில் இலைச் சந்தை தொடங்கியது. பயிர் முளைத்ததும் ஓர் இலையின் விலை இருபது நெல்லிக்காய். பூத்ததும் ஐம்பது! இரை தேடுவதைக்கூட மறந்து எல்லோரும் சந்தையிலேயே கிடந்தார்கள்.

ஒருநாள் நரி மாசிலாமணி பவளத்திடம் வந்தான். பெயர்தான் மாசிலாமணி!

"தங்கச்சி, உன் மூணு இலையையும் கடனாக் கொடு. அறுவடைக்கு முந்தின சாயங்காலம் மூணு இலையாவே திருப்பித் தர்றேன். வாடகை ஆறு நெல்லிக்காய்!"

"எதுக்கு அண்ணே?"

"ஷார்ட் போகப் போறேன்."

அதற்கு என்ன அர்த்தமென்று பவளத்துக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். "ஓ, ஷார்ட்டா! சரி, சரி" என்று தலையாட்டினாள். "திருப்பித் தரலைன்னா?"

"என் குகையே உனக்கு!" என்று சந்தை நடுவில் சத்தியம் செய்தான் நரி.

அன்றைக்கே அந்த இலைகளை முயல் செங்கோடனிடம் ஐம்பது ஐம்பதாக விற்றுவிட்டான். கையில் நூற்றைம்பது நெல்லிக்காய்!

அறுவடைக்கு முந்தின நாள் காலையில் நரி மூச்சிரைக்க ஓடி வந்தான். "மோசம் போனோம்! காட்டுப்பன்றிக் கூட்டம் தோட்டத்தையே கிளறிப் போட்டுடுச்சு!"

அவ்வளவுதான். ஐம்பது இருபதானது. இருபது ஐந்தானது! அக்கரைக்குப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. குட்டிகளுக்கு இனி பவளம் என்ன கொடுப்பாள்?

நரி மெல்ல முயலிடம் போனான். "அழாதே செங்கோடா. உன் மூணு இலையையும் பதினஞ்சு நெல்லிக்காய்க்கு நானே வாங்கிக்கிறேன்."

பவளத்தின் வால் விறைத்து நின்றது. தோட்டமே போச்சென்றால் அதன் இலை இவனுக்கு எதற்கு? கடன் வாங்கி, விலை ஏறியிருக்கும்போது விற்று, விலை விழுந்ததும் வாங்கித் திருப்பித் தருவது! ஓகோ, இதுதானா ஷார்ட்? அப்படியானால் பன்றிச் சேதியும் இவன் கட்டிவிட்டதுதானோ?

"முயலண்ணே, நான் வர்ற வரைக்கும் விக்காதே!" என்று கத்திவிட்டுக் கிளைக்குக் கிளை தாவினாள். ஏரியைச் சுற்றி ஒரே ஓட்டம்!

தோட்டம் பச்சைப்பசேலென்று நின்றது. பன்றியின் கால்தடம் ஒன்றுகூட இல்லை. ஒரு செடியைப் பிடுங்கினாள். கொத்துக் கொத்தாகக் கடலை!

செடியை வாயில் கவ்விக்கொண்டு சந்தைக்குள் குதித்தாள். "பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க!"

சந்தை எகிறியது. ஐம்பது! எழுபது! நூறு! இலை வைத்திருந்த யாரும் விற்கத் தயாராக இல்லை. சூரியனோ சாய்ந்துகொண்டிருந்தது.

"செங்கோடா, ஒரு இலை நூறுக்குக் கொடுப்பா!" என்று நரி கெஞ்சினான்.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டே முயல் சொன்னான்: "நூத்திருபது!"

"அநியாயம்!"

"யோசிச்சுச் சொல்லு. அடுத்த தடவை கேட்டா நூத்தம்பது!"

குகையைக் காப்பாற்ற வேறு வழியில்லை. விற்று வாங்கிய நூற்றைம்பது போதாமல், குகையில் சேர்த்து வைத்திருந்த கடைசி நெல்லிக்காய் வரை வாரிக் கொட்டினான் நரி. மூன்று இலைகளையும் வாங்கிப் பவளத்திடமே நீட்டினான்.

மறுநாள் பவளத்தின் பொந்துக்கு ஒன்பது கூடை கடலை வந்து இறங்கியது. குட்டிகள் அதன்மேலேயே உருண்டு விளையாடின.

அர்த்தம் தெரியாத வார்த்தைக்குத் தலையாட்டுகிறவரும், நேரில் பார்க்காத சேதிக்காகக் கையில் உள்ளதை விற்கிறவரும் நரிக்குத்தான் லாபம் சேர்க்கிறார்கள்.