பாறைக்கு எத்தனை அங்குலம்

மேல்முடி மலையூருக்கு ஜீப் ஓட்டுகிறவர் வைரவன். சமவெளியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதுக்கு மேல் மலைக்கு வந்தார். மலைப்பாதையில் ஓட்ட அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜெபமணி. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவர் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை பட்டறைக்கு வந்தவர் உட்காரவில்லை.

"மேஸ்திரி, வண்டியை நாலு அங்குலம் தூக்கிக் கட்டணும். டயரும் இருக்கிறதிலேயே பெருசா வேணும்."

"இப்ப எதுக்குண்ணே?"

"மேல ஊர்ல செவந்திக்கு ஒம்போது மாசம். இந்த வாரமே மழை இறங்கிரும்ங்கிறாங்க."

ஏன் என்று ஜெபமணிக்குத் தெரியும். போன ஐப்பசியில் வைரவன் பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, பாதி வழியில் பாறை தட்டி ஜீப் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அதன்பிறகு மேகம் கறுத்தாலே அவர் பட்டறைக்கு வந்து நிற்பார்.

"நாலு போதுமா? அஞ்சாப் போட்டுரலாமா?" என்று கேட்டார் வைரவன்.

"நாலே போட்டாலும் டயரோட சேர்ந்து ஆறு வரும்" என்றாள். பிறகு மூலையில் கிடந்த பலகைகளை அள்ளி ஜீப்பில் போட்டாள்.

"வண்டியை எடுங்க. மேல போவோம்."

"மழை வந்துட்டா?"

"அதுக்குள்ள போவோம்."

செவந்தியின் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் பலகை அடுக்கினாள் ஜெபமணி. சரியாக ஆறு அங்குலம்.

"செவந்தி, கொஞ்சம் ஏறி உட்காரும்மா."

செவந்தி காலைத் தூக்கினாள். எட்டவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். வயிறு இடித்தது. வைரவன் கை கொடுத்தார். அவள் வேர்த்துப்போய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பரவாயில்ல மாமா. வலி வந்தா நான் நடந்தே இறங்கிர்றேன்."

வைரவன் ஜாக்கியை எடுத்தார். பலகைகளைத் தானே உருவிப் போட்டார்.

இறங்கும் வழியில் கேட்டார்: "ஒரு ஸ்டூல் போட்டு ஏத்திரலாமே மேஸ்திரி?"

"ஏத்திரலாம். உயரமான வண்டி சரிவுல சாயும். அப்ப எங்க ஸ்டூல் போடுவீங்க?"

வைரவன் கியரைக் குறைத்தார்.

"அந்தப் பாறை எவ்வளவு உயரம்ணே?"

"நிறைய இருக்கும்."

"அளந்தீங்களா?"

"அந்த இடத்துல நான் இறங்குறதே இல்ல மேஸ்திரி. ஓரமா ஒதுங்கிப் போயிருவேன். மழைன்னா ஓரம் சேறாயிரும், பாறைமேலதான் ஏறணும்."

பாறை வந்தது. அதை ஒட்டி ஜீப்பை நிறுத்தச் சொன்னாள்.

"இறங்குங்க."

அவர் இறங்கினார். பாறையை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு மண்டியிட்டு, வண்டிக்கு அடியில் கையை நீட்டினார். பின் அச்சின் நடுவில் இருக்கும் இரும்பு உருண்டையைத் தொட்டார். பாறையின் தலையைத் தொட்டார். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை விரலால் அளந்தார்.

"ஒரு விரல் கனம்" என்றார். "ஒரே ஒரு விரல்தான் மேஸ்திரி இடிச்சிருக்கு."

ஜெபமணி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஸ்பிரிங்கைத் தூக்கினா பாடிதான் மேல போகும். உருண்டை இருந்த இடத்துலயே இருக்கும். அதைத் தூக்குறது டயர்தான். ரெண்டு சைஸ் பெருசு போட்டா ஒரு அங்குலம் தூக்கும், அது போதும். நாளைக்கே மாட்டிரலாம்."

"மீதி அஞ்சு அங்குலம்?"

"அது பாறை கேட்டதில்லண்ணே. உங்க பயம் கேட்டது."

கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. வைரவன் வானத்தைப் பார்த்தார்.

"பயம் போகலையே மேஸ்திரி."

"போக வேண்டாம். நீங்க உட்கார்ற பக்கம் இருக்கட்டும். அவ ஏறுற பக்கம் வைக்காதீங்க."