பெடலை அமுக்கும் கால்

“மாஸ்டர், அந்த வண்டியை என்னால சரி பண்ண முடியாதுங்க. அதுக்குள்ள ஆளு இருக்குது.”

மலையடிவாரத்து ஒர்க்‌ஷாப்பில் நுழைந்ததும் நுழையாததுமாக மாசிலாமணி சொன்ன முதல் பேச்சு இதுதான்.

செங்கோட மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

மாசிலாமணி மாஸ்டரைவிட மூத்தவர். தலை நரைத்த பிறகுதான் தொழில் கற்றுக்கொள்ள வந்தார். மாஸ்டர் இவரை அண்ணா என்பார். இவர் அவரை மாஸ்டர் என்பார். கேட்கிறவனுக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு ஒன்றுமில்லை.

வண்டி வெளியே நின்றது. பழைய வெள்ளைக் கார். முன்சீட்டில் மாசிலாமணியின் தங்கச்சி சம்பூர்ணம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலியாகக் கிடந்த டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டப்பகல்தான். ஆனாலும் மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டை மூடியிருந்தது.

போன வருஷம் மேலே அந்தச் செங்குத்து வளைவில் டயரைப் பார்க்க இறங்கினார் அவள் புருஷன் பொன்னுரங்கம். லாரி அடித்துவிட்டது. அதிலிருந்து அவள் எப்போது மலை ஏறினாலும், சரியாக அதே வளைவில், அமுக்கிய ஆக்ஸிலேட்டர் திரும்புவதில்லை. காலை எடுத்தாலும் பெடல் கீழேயே கிடக்கும். வண்டி கத்திக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துப் பாயும். இதுவரை பிரேக்கைப் பிடித்துச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துத்தான் தப்பியிருக்கிறாள். வேறு எங்கேயும் இந்தத் தொல்லை இல்லை.

மாசிலாமணி பெடலிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிளை மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார். அந்தக் கேபிள் இழுக்கிற த்ராட்டிலைக் கழற்றிக் கழுவினார். ஷெட்டில் எல்லாம் சொன்ன பேச்சு கேட்டது. வளைவுக்குப் போனால் மறுபடியும் அதே கூத்து.

“வண்டியைப் பார்த்தா பயப்படறீங்க அண்ணா?”

“இல்லீங்க மாஸ்டர். அவளைப் பார்த்து. நாளைக்கு மாப்பிள்ளைக்கு வருஷத் திதி. மேல போயே தீருவேங்கறா. ‘அவரு கூப்பிடறாரு, இந்தத் தடவை நான் பிரேக் புடிக்க மாட்டேன்’னு சொல்றா.”

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

ஷெட்டில் பார்த்தபோது பெடலை முழுசாக அமுக்கினீர்களா என்று கேட்டார். பாதிக்குமேல் கால் போகவில்லை என்று மாசிலாமணி ஒப்புக்கொண்டார். பயம்தான் காரணமாம்.

அந்த வளைவில்?

அங்கே தரையோடு தரையாக அமுக்காமல் வண்டி ஏறவே ஏறாது என்றார்.

“சரி. எல்லாத்தையும் மாத்தினீங்க. எதை மாத்தலை?”

மாசிலாமணி நிறைய யோசித்தார். ஒன்றுமே மிச்சமில்லை. மாப்பிள்ளையின் கயிறு மட்டும்தான்.

குலசாமி கோயிலில் பொன்னுரங்கம் மணிக்கட்டில் கட்டிக்கொண்ட கறுப்புக் கயிறு அது. அவர் போனபின் சம்பூர்ணம் அதை எடுத்து, வண்டிக்குக் காவலாக இருக்கட்டும் என்று, பானெட்டைத் திறந்து த்ராட்டில் கேபிளிலேயே கட்டிவிட்டாள். மாசிலாமணி வேலை பார்க்கும்போதெல்லாம் முதலில் செருப்பைக் கழற்றுவார். முடிச்சை அவிழ்க்க மனசு வராமல் வளையத்தோடு அப்படியே உருவிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வேலை முடிந்ததும் புதுக் கேபிளில் பழையபடி மாட்டிவிடுவார்.

மாஸ்டர் எழுந்து போய் பானெட்டைத் திறந்தார்.

சம்பூர்ணத்தை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். சாவி போட வேண்டாம், பெடலை மட்டும் வளைவில் அமுக்குகிற மாதிரி முழுசாக அமுக்கச் சொன்னார். அவள் அமுக்கினாள். இறங்கி வந்து கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினாள்.

மூன்று பேரும் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்கள்.

பெடல் அமுங்கியே கிடந்தது.

மாசிலாமணி ஓரடி பின்வாங்கினார். சம்பூர்ணம் மட்டும் பயப்படவில்லை. அவள் முகத்தில் சந்தோஷம்கூட இருந்தது.

“பாத்தீங்களா? கால் வெச்சிருக்காரு.”

மாஸ்டர் அவளை வண்டியின் முன்பக்கம் கூட்டிப்போய் விரலால் காட்டினார். பெடல் முழுசாக அமுங்கியதில் கறுப்புக் கயிற்றின் வால் த்ராட்டில் நெம்புகோலின் இடுக்கில் நுழைந்து மாட்டியிருந்தது. நெம்புகோல் திரும்பத் துடித்தது. கயிறு விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது மாதிரிதான் இருந்தது.

மாசிலாமணி ஓடிப்போய் கட்டிங் பிளேயர் எடுத்துவந்தார். மாஸ்டர் அவர் கையை விலக்கிவிட்டார்.

“கயிறு யாருதுங்க அம்மணி?”

“அவருது.”

“முடிச்சு?”

சம்பூர்ணம் தன் விரல்களைப் பார்த்தாள். பனி இன்னும் கொஞ்சம் இறங்கியது. ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

பிறகு அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கையை உள்ளே விட்டாள். எண்ணெயில் ஊறி இறுகிப்போன முடிச்சு. நகத்தால் நெம்பினாள். வெகு நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது.

வண்டிக்குள் பெடல் டக்கென்று எழும்பியது.

சம்பூர்ணம் கயிற்றை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கதவருகே வந்து, கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

உள்ளே யாரும் இல்லை.