நெடுங்கரைப்பட்டியின் பின்பக்கம்

தொப், தொப் என்று புத்தகக் கட்டுகள் விழும் சத்தம் கேட்டுப் பள்ளி உதவியாளர் பொன்னுருவி ஓடி வந்தாள். வந்திறங்கிய வரலாற்றுப் புத்தகம் ஒன்றைக் கல்வி அதிகாரி சச்சிதானந்தம் விரித்துப் பிடித்திருந்தார். ஆசிரியர்கள் சுற்றி நின்றார்கள்.

“அணை இந்த தேசத்தோட பெருமை. அதைக் கட்ட விடாம பதினோரு நாள் ஆத்துல நின்ன நெடுங்கரைப்பட்டிக்காரங்க கதை பிள்ளைங்களுக்கு எதுக்கு? சாயங்காலத்துக்குள்ள ஒரு புத்தகத்துலயும் இந்தப் பக்கம் இருக்கக் கூடாது. இருந்தா நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டே,” என்றார் பொன்னுருவியிடம்.

அது பொன்னுருவி பிறந்த ஊர். இப்போது தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அதன் பெயர் மிஞ்சியிருந்ததே அந்த ஒரு பக்கத்தில்தான்.

“மை பூசட்டுங்களா ஐயா? தாள் லேசு, பின்னால ஊறிடுமே.”

“அப்ப வெள்ளைத்தாள் ஒட்டு.”

“பசையும் ஊறுமுங்க.”

“கிழிச்சுப் போடேன்! இதையுமா சொல்லித் தரணும்?”

“ஆமாங்கய்யா. முதல் புத்தகத்தை நீங்க கிழிச்சுக் காட்டுங்க. அதே மாதிரி மத்ததை நான் கிழிச்சிடறேன்.”

அதிகாரி தாளைப் பற்றினார்.

“பின்பக்கத்தையும் ஒரு தடவை பாத்துக்குங்க ஐயா.”

புரட்டினார். பக்கம் முழுக்கத் தேசியக் கொடி. சுற்றி நின்ற ஆசிரியர்களைப் பார்த்தார். பற்றிய விரல்கள் மெல்ல விலகின.

“அச்சடிச்சவன் முட்டாள். இருந்துட்டுப் போகட்டும்,” என்று முனகியபடி புத்தகத்தை அவளிடம் நீட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பொன்னுருவி அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். அவள் தெருவோ, அம்மா துணி துவைத்த கல்லோ அதில் இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது. அதை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு அடுத்த கட்டின் கயிற்றை அவிழ்த்து, புத்தகங்களை வகுப்புவாரியாக அடுக்கத் தொடங்கினாள்.