கருப்பட்டிக் கொட்டான் யாருக்கு?

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போக முடியாது. முடிவில் தீர்ப்பு உங்களுடையது.

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். செங்கமலமும் அவள் அண்ணன் மனைவி இசக்கியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பாகப்பிரிவினை பற்றி இருவருக்கும் வாய்ச்சண்டை உண்டு, தெருவுக்கே தெரியும். ஒரு காலையில் செங்கமலம், "மதினி, மோட்டாரப் போட்டுட்டு வாங்க" என்றாள். போன இசக்கி திரும்பவில்லை. சுவிட்சுப் பெட்டியில் கசிந்த மின்சாரம் அவளைக் கொண்டுபோய்விட்டது.

செங்கமலம் உடல்மேல் விழுந்து அழுதாள். "நானே கொன்னுட்டேனே, மதினி!"

நம் பக்கத்து இழவு வீடுகளில் யார்தான் அப்படிச் சொல்லி அழவில்லை? பக்கத்து வீட்டுக்காரி அதை இன்ஸ்பெக்டரிடம் அப்படியே ஒப்பித்தாள். அவருக்கு வேலை மிச்சம். பெட்டியில் வேண்டுமென்றே கோளாறு செய்தாள் என்று செங்கமலத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, வெற்றுத் தாளை நீட்டினார்.

"கைநாட்டு வை. மத்தத நாங்க எழுதிக்கிடுதோம்."

தான் அனுப்பியதால்தானே மதினி செத்தாள் என்று செங்கமலம் நினைத்தாள். தூக்கில் போட்டாலும் சரி என்று கட்டைவிரலை நீட்டினாள். குறுக்கே ஒரு கை விழுந்தது. ஏட்டு கிளோரியின் கை. இசக்கியோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

"இவதான் செஞ்சிருப்பா சார், எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா வெறும் பேப்பர்ல ரேகை வாங்க விடமாட்டேன். கோர்ட்டுல நிறுத்துவோம்" என்றாள். அதற்குப் பரிசாக அவளைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றினார்கள்.

கோர்ட்டிலும் செங்கமலம், "நாந்தான் கொன்னேன், எழுதிக்கிடுங்க" என்றாள். மாஜிஸ்திரேட் பேனாவை மூடிவிட்டுப் போலீஸை வெளியே அனுப்பினார். "எதுவும் சொல்லணும்னு கட்டாயமில்லம்மா. சொன்னா அது உங்களுக்கு எதிரா நிக்கும். ஒரு வக்கீல் தர்றேன். அழுது முடிச்சிட்டு யோசிங்க."

வந்த வக்கீல் நூர்ஜகான் முதல் சந்திப்பிலேயே அவளை நம்பினார். விசாரணையன்று பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க அம்மா தவறினப்ப என்ன சொல்லி அழுதீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கவனிக்காம விட்டு நானே கொன்னுட்டேனேன்னு…"

அந்த அழுகையைத் தவிர வேறு சாட்சியம் இல்லாததால் செங்கமலம் விடுதலையானாள். மூவரையும் நினைத்து அவளுக்கு மனசு நிறைந்து வழிந்தது. ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டாள். சர்க்கார் ஆட்கள் அன்பளிப்பு வாங்கலாமா என்று குறுக்கே பேசாதீர்கள். கேள்வி நன்றியைப் பற்றியது. கையைத் தடுத்த ஏட்டு, பேனாவை மூடிய மாஜிஸ்திரேட், வாதாடி மீட்ட வக்கீல் — இவர்களில் அவள் முதலில் போக வேண்டியது யார் வாசலுக்கு?

விடை: கிளோரியின் வாசலுக்கு. வக்கீல் அவளை நம்பினார். தான் நம்புகிற ஒருத்தியைக் காப்பாற்ற யாருக்கும் மனம் வரும். மாஜிஸ்திரேட்டுக்கு அவள் யாரோ, அவள்மேல் கோபப்பட அவருக்குக் காரணம் இல்லை. கிளோரியோ, தன் தோழியைக் கொன்றவள் என்று நினைத்துக்கொண்டே அவளைக் காத்தாள். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அரசமைப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு அன்று அந்தக் கையில்தான் இருந்தது. செங்கமலம் இரண்டு பஸ் மாறி அந்தத் தண்ணியில்லாத காட்டுக்கே போய்க் கொட்டானை நீட்டினாள். "நீங்க என்னய நம்பலயே ஏட்டம்மா, அதுக்குத்தான் இது." கிளோரி வாங்கிக்கொண்டாள். "இசக்கிக்குக் கருப்பட்டின்னா உயிரு" என்றவள், அன்றுதான் தோழிக்காக அழுதாள்.