பன்னிரண்டாவது ஆள்

எம்.பி. குழந்தைவேலுவுக்கு ஒரு குரு இருந்தார். ஆசிரமம், தாடி, கமண்டலம் ஒன்றும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கோலி சோடாக் கடை, அவ்வளவுதான். பெயர் சடையன்.

வெள்ளைக்காரன் காலத்தில் இருவரும் ஒரே ஜெயிலில் இருந்தார்கள். குழந்தைவேலு விசாரணையே இல்லாமல் இரண்டு வருஷம் அடைபட்டவர். சடையன் கொலைக்கு ஆயுள் தண்டனை வாங்கியவர். அவருக்கு பெல்ட்டும் தடியும் கொடுத்து, மற்றக் கைதிகளை மேய்க்கிற கைதி வார்டராக்கியிருந்தார்கள். ஒருநாள் கோஷம் போட்டதற்காகக் குழந்தைவேலுவைக் கட்டிவைத்து அடிக்கச் சொன்னார் ஜெயிலர். சடையன் "மாட்டேன்" என்று பெல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். அதற்காக மூன்று வருஷம் கூடுதலாக உள்ளே கிடந்தார்.

அந்தக் கதையைக் குழந்தைவேலு சொல்லாத மேடை கிடையாது. சொல்லும்போதெல்லாம் நிஜமாகவே அழுதுவிடுவார். ஓட்டும் விழுந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று மத்தியானம் டெல்லிக்கு ரயிலேறப் போகிற வழியில் கடைக்கு வந்தவர், பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வாங்க ஐயா. மொகமே சரியில்லையே?"

"வர்ற வாரம் ஓட்டெடுப்பு, அண்ணே. விசாரிக்காம ஆளைப் புடிச்சு உள்ள வெக்கிற சட்டம். இன்னும் மூணு வருஷம் நீட்டப் போறாங்க. ஆதரிச்சே ஆகணும்னு கட்சிக் கொறடா உத்தரவு போட்டுட்டாரு."

"உங்களை உள்ள வெச்சாங்களே, அந்தச் சட்டமா?"

"பேரு வேற. பூட்டு அதே பூட்டுதான்."

"இதுக்கு முன்னாடி நீட்டினப்போ?"

"மூணு தடவை ஆதரிச்சிட்டேன்." சொல்லும்போது குழந்தைவேலுவுக்கு வெட்கமாக இருந்தது. "இந்தத் தடவை எதிர்த்தா சீட்டு போயிடும். போனாப் போகட்டும். ஆனா எந்திரிச்சு நின்னு மாட்டேன்னு சொல்ல எனக்குத் தெம்பில்லை. அலுத்துப் போச்சுண்ணே. அன்னிக்கு உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு அந்தத் தெம்பு? அதை மட்டும் சொல்லுங்க."

சடையன் ஒரு பாட்டிலை, கையால் சுற்றி காஸ் அடைக்கிற சோடா யந்திரத்தில் மாட்டினார். "இதைக் கொஞ்சம் சுத்துங்க."

குரு சொன்னால் சுற்றத்தானே வேண்டும். எம்.பி. கதர்ச் சட்டையின் கையை மடித்துவிட்டுக் கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். கோலி மேலே ஏறி 'டக்'கென்று உட்கார்ந்தது.

"இன்னொண்ணு."

சுற்றினார்.

"இன்னொண்ணு."

ஏழெட்டு பாட்டில் ஆயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரயிலுக்கு நேரமாகிறதென்று டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"இன்னொண்ணு, ஐயா."

"மாட்டேன்!" குழந்தைவேலு கைப்பிடியை விட்டுவிட்டார். "கை ஓஞ்சு போச்சு. நீங்க என்ன சொன்னாலும் சரி, மாட்டேன்."

சடையன் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு சோடாவை உடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"அன்னிக்குக் கோஷம் போட்டது நீங்க மட்டுமா?"

"பன்னெண்டு பேரு."

"உங்களை எத்தனாவதா கொண்டாந்தாங்க?"

குழந்தைவேலு யோசித்தார். இத்தனை வருஷத்தில் எந்த மேடையிலும் அந்தக் கணக்கு அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

"கடைசியா."

"மத்த பதினோரு பேரை யாரு அடிச்சது?"

வாய்க்குக் கொண்டுபோன சோடா அப்படியே நின்றது.

"நீங்கதான்."

"நானேதான். ஒருத்தனுக்குக் காதே போச்சு. ஒரு சின்னப் பையன் அம்மா அம்மான்னான். அப்பவும் நிறுத்தல. உங்களைக் கட்டினப்போ கையைத் தூக்கிப் பாத்தேன், வரல. அலுத்துப் போச்சு. கழட்டி வெச்சுட்டேன்."

"அப்போ அந்தத் தெம்பு...?"

சடையன் அடுத்த பாட்டிலை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

"தெம்பு இருந்த வரைக்கும் நான் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், ஐயா."