துள்ளுற மயில்

சிவகாசியில் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வரைகிறவள் பேச்சியம்மாள். கணினியில் லினக்ஸும் அதில் இலவசமாகக் கிடைக்கிற இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளும் இருந்தால் அவளுக்குப் போதும்.

“ஓசி சாஃப்ட்வேர்ல வரைஞ்சா படத்துல உயிரே இருக்காது. இன்னைக்கே அதை அழி, இல்லேன்னா வேற வேலை பாரு!” என்றார் அண்ணாச்சி.

பேச்சியம்மாள் இரண்டு மயில் லேபிள்களை மேஜையில் வைத்தாள். “இதுல எது ஓசின்னு சொல்லுங்க அண்ணாச்சி, அழிச்சிடுறேன்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். “இந்த மயில் செத்துக் கிடக்கு, இதான் ஓசி. அந்த மயில் எப்படித் துள்ளுது பாரு! காசு குடுத்து வாங்கினதுன்னா சும்மாவா?”

“ரெண்டும் ஒரே மயில்தான் அண்ணாச்சி. இங்க்ஸ்கேப்ல வரைஞ்சு ரெண்டு தடவை பிரிண்ட் எடுத்தேன்.”

அச்சகமே சிரித்தது. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி சரி, அந்தத் துள்ளுற மயிலையே பத்தாயிரம் அடி.”