முட்டைகளுக்குக் காவல் நின்ற காயாம்பு

வெகு காலத்துக்கு முன்னே, கடல் கேட்டால் மனிதன் பதில் சொல்லியாக வேண்டிய காலம் அது. தீவு நாடு ஒன்றில் காயாம்பு என்றொருவன் இருந்தான். அரண்மனை மதிலுக்குச் சுண்ணாம்பு வேண்டும். அதற்காகக் கடலில் மூழ்கி, சுட்டால் சுண்ணாம்பாகும் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்ப்பான். மனைவி வெள்ளச்சி படகில் இருப்பாள்.

ஒருநாள் அவன் பெயர்த்த கல்லில், விரல் நீள நீலமீன் ஒன்று நசுங்கிச் செத்தது. பாறையைக் காக்கும் கடல்கன்னி எதிரே வந்தாள். பக்கத்துப் பாறையில் ஒட்டியிருந்த முட்டைகளைக் காட்டினாள்.

"இவற்றின் அப்பனைக் கொன்றுவிட்டாய். இனி நீயே மீனாகி இவற்றுக்கு அப்பன். குஞ்சு பொரிந்ததும் மனிதனாவாய். பொறுக்க முடியாவிட்டால் நீர்மட்டத்துக்கு ஏறு, அப்போதே மனிதனாவாய். ஆனால் நீ போனதும் முட்டைகள் இரையாகிவிடும்."

காயாம்பு நீலமீன் ஆனான். உடனே ஏறிவிடத்தான் நினைத்தான். அதற்குள் பெரிய மீனொன்று முட்டைகளிடம் வாய் திறந்தது. பாய்ந்து முட்டினான், விரட்டினான், நின்றான். மறுநாள் நண்டு வந்தது. பாய்ந்து முட்டினான், விரட்டினான், நின்றான். இரை தேடித் தூரம் போகவில்லை. துடுப்பால் ஓயாமல் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் கொடுத்தான். கெட்டவற்றைப் பொறுக்கி எறிந்தான். மூன்றாம் நாள் முட்டைகளுக்குள் குட்டிக் கண்கள் தெரிந்தன.

நான்காம் நாள் கடப்பாரையோடு வெள்ளச்சியே மூழ்கி வந்தாள். கணவன் மூழ்கிப் போனான் என்றிருந்தவளை, மீதிக் கல்லைக் கொண்டுவா என்று அரண்மனை ஆட்கள் விரட்டியிருந்தார்கள். மேலே ஏறினால் போதும், அவள் அழுகை நிற்கும். காயாம்பு தவித்தான். ஆனாலும் ஏறவில்லை. அவள் கையில் பாய்ந்து முட்டினான். தள்ளிவிட்டாள். மறுபடி முட்டினான். தள்ளிவிட்டாள். மூன்றாம் முறை கடித்தான். அவள் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, வெறுங்கையோடு மேலே போனாள்.

அந்தி சாயும்போது முட்டைகள் பொரிந்தன. மயிரிழைக் குஞ்சுகள் நீரோட்டத்தோடு ஆழ்கடலுக்குப் போயின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காயாம்பு மனிதனாகி மேலே ஏறி, வெள்ளச்சி இன்னும் கரை திரும்பாமல் இருந்த படகைப் பிடித்தான்.

நடந்ததெல்லாம் சொல்லி முடிக்கும்வரை வெள்ளச்சி அவன் கையை விடவில்லை.

"ஏன் இடிக்காமல் போனாய்?" என்று கேட்டான்.

"அந்த மீனுக்குப் பின்னால் பிள்ளைகள் இருந்தனவே," என்றாள்.

இருவரும் அரசனிடம் போய்ச் சொன்னார்கள். அரசன், பாறையில் இனிக் கடப்பாரை விழக்கூடாது என்றான். கரையொதுங்கும் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் வேலையை அவர்களுக்கே கொடுத்தான். கடல் தந்த கிளிஞ்சல் அளவுக்குத்தான் மதில் உயர்ந்தது. மெல்லத்தான் உயர்ந்தது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.